மதகை மூடியது எத்தனை மணிக்கு?

மே 30
ஹாஸ்லெட், மிசிசிப்பி

ஏ ரெனீட்டா, எப்படிம்மா இருக்க? வேளைக்குச் சாப்பிடுறியா? சிகாகோல குளிரு விட்டுச்சா? இங்க மே மாசத்துலயே கோழியெல்லாம் நெழலத் தேடி வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. நாங்க நல்லா இருக்கோம். எனக்கு முட்டி வலி. உன் சித்திக்கு என்னால தலைவலி. (அவரு சொல்லச் சொல்ல எழுதுறேன். இது ஒண்ணுதான் உண்மை. - வெர்லீன்)

நான் மூணாங்கிளாஸோட பருத்தி பொறுக்கப் போனவன். அதனால வாய் என்னுது, கை உன் சித்தியோடது. போன்ல பேசலாமேன்னு கேக்காத. போன தடவ நம்ம சர்ச்சு டீக்கன் ஹார்வியோட பன்னிக் கதைக்கு நட்ட நடுவுல இருக்கேன், "சித்தப்பா, எடிட்டர் கூப்பிடுறாங்க"ன்னு டொக்குனு வெச்சுட்ட. லெட்டர்ல அப்படி வெக்க முடியாதுல்ல?

நம்ம கறுப்பு ஆளுங்களுக்கு நடக்கிற அநியாயத்தையே எழுதுற பத்திரிகையில நீ மூணு மாசம் பயிற்சிக்குச் சேந்திருக்கன்னு சர்ச்சுல எந்திரிச்சு சொன்னேன். எல்லாரும் கைதட்டுனாங்க. சிஸ்டர் டவி மட்டும், "அப்ப அந்தப் புள்ளைக்கு லீவே கெடைக்காது"ன்னாங்க.

போன வருசம் மார்ச்சு வெள்ளத்தப்ப மதகு எத்தன மணிக்கு மூடுச்சுன்னு கேட்டிருந்த. அதச் சொல்லத்தான் ஒக்காந்தேன். அன்னிக்குக் காலையில டீக்கன் ஹார்வியோட பன்னி இருக்கே, அது நீந்திப் போயி சர்ச்சு வாசப்படியில ஏறி ஒக்காந்துடுச்சு. அந்தப் பன்னிக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சான்னு பாஸ்டருக்கும் டீக்கனுக்கும் இன்னிய வரைக்கும் வழக்கு. பாஸ்டர் என்ன சொல்றாருன்னா, முழுசா முங்கணுமாம். டீக்கன் சொல்றாரு, முங்கிச்சு, நான் பாத்தேன்னு. அப்புறம் அந்தப் பன்னி போட்ட குட்டியில ஒண்ணு...

காகிதம் தீந்து போச்சுங்கிறா உன் சித்தி. ஒடம்பப் பாத்துக்க.

உன் சித்தப்பா,
எல்.சி.


ஜூன் 7
சிகாகோ

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும்,

நான் நலம். முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? சித்தியின் தலைவலிக்கு மருந்து இல்லை என்று எனக்கே தெரியும்.

கடிதத்தில் பன்னி இருந்தது. பாஸ்டர் இருந்தார். மதகு எங்கே சித்தப்பா?

இங்கே என் நிலைமையைக் கேளுங்கள். சேர்ந்த நாள் முதல், மற்றவர்கள் எடுத்த பேட்டிகளைக் காதில் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்கிறேன். நேற்று ஒரு ஷெரீப் அலுவலகத்துக்குப் பதினாறு முறை போன் செய்தேன். பதினாறு முறையும் ஒரே பாட்டு. "ஈஸ்ட் பெல்" என்று எங்கள் பத்திரிகையின் பெயரைச் சொன்னதுமே, காத்திருக்கச் சொல்லிப் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள்.

அதனால்தான் எடிட்டர் மிஸ் காஸ்கினிடம் போய், எங்கள் ஊரின் பள்ளப் பகுதியான பாட்டம்ஸில் நாற்பத்தொரு வீடு மூழ்கிய கதையைச் சொன்னேன். "வெள்ளம் வந்தா வீடு மூழ்கும். அதுல செய்தி எங்க?" என்றார்.

"மதகைத் திறந்து வெச்சிருந்தா தண்ணி மேற்கே போயிருக்கும், மேடம். மேற்கே வெள்ளைக்காரங்க வீடும் கோல்ஃப் மைதானமும். மூடினா எங்க தெருவுல தேங்கும். மூடிட்டாங்க."

"வாரியம் என்ன சொல்லுது?"

வடிகால் வாரியத்தின் அறிக்கையைக் காட்டினேன். ஆறு மணிக்கே சங்கு ஊதி எச்சரித்தோம், பகல் பன்னிரண்டுக்குத்தான் மதகை மூடினோம், போகாமல் இருந்தது அவர்கள் பிடிவாதம் என்று எழுதியிருக்கிறது. ஆகஸ்ட் 23-ஆம் தேதி கூட்டத்தில், ஆற்றில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் மதகை மூடுவது என்று நிரந்தர விதியே போடப் போகிறார்கள்.

"பன்னிரண்டு மணி பொய்னு நிரூபி. செய்தியும் உன்னுது, பேரும் உன்னுது" என்றார்.

நீங்கள் அந்த மதகில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். ஒரே கேள்வி: மதகை மூடியது எத்தனை மணிக்கு? ஒரு வரி போதும். பன்னி வேண்டாம்.

அன்புடன்,
ரெனீட்டா


ஜூன் 16
ஹாஸ்லெட்

ஏ புள்ள, கோவமா? கோவத்துல சாப்பிடாம கெடக்காத. வயித்துல போட்டுட்டுக் கோவப்படு. இங்க பட்டர் பீன்ஸ் நல்லா காய்ச்சிருக்கு. மழைக்குத்தான் மனசு வரல. (இவரு நேத்து முழுக்க வாய் தொறக்கல. இன்னிக்கு ரெண்டு நாளுக்குச் சேத்துப் பேசுறாரு. - வெ.)

என்னையே ஏன் கேக்குற? ஊரே இருக்குல்ல? எழுதிக்க. சிஸ்டர் டவி, உனக்கு கசின். வீடு மொத்தமும் போச்சு, மேசை மேல ஏறி நின்னவங்க. பார்பர் ஓஸெல், கசின். அவரு பொய் சொல்லுவாரு, ஆனா மீனப் பத்தி மட்டுந்தான். ரெட்டைப் பசங்க ரெண்டு பேரும் கசின். அவங்கள்ல யாரு யாருன்னு அவங்க அம்மாவுக்கே சந்தேகம், தனித்தனியாக் கேக்காத, செலவு மிச்சம். டீக்கன் ஹார்வி கசின். அவருகிட்ட ஞானஸ்நானப் பேச்ச மட்டும் எடுத்துடாத.

இப்படியே பதினோரு பேரு பின்னால எழுதியிருக்கு. எல்லாரும் நம்ம கசின்ஸ்தான். கூச்சப்படாம கேளு.

வெர்லீன் என்னமோ மொறைக்கிறா. எதுக்குன்னு தெரியல.

எல்.சி.


ஜூலை 2
சிகாகோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்களும் சித்தியும் சுகம்தானே. நான் சுகமாக இல்லை. நீங்கள் கொடுத்த பதினோரு பேரோடும் பேசினேன். பதினேழு மணி நேரப் பதிவு. அதில் நாலு மணி நேரம் பன்னி.

குறிப்புகளை ஒழுங்காக எழுதி மிஸ் காஸ்கின் மேசையில் வைத்தேன். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எங்கள் ஊர்ப் பழக்கப்படியே "கசின்" என்று எழுதிவிட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டார்.

"இது என்ன? சாட்சிப் பட்டியலா, உங்க வீட்டுக் கல்யாணப் பட்டியலா?"

"எங்க ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் கசின் மேடம். கூப்பிடறதுதான்."

"எனக்கும் அலபாமாவுல நூத்தம்பது பேரு அப்படி இருக்காங்க, கண்ணு. வாரியத்தோட வக்கீலுக்கு அது தெரியுமா? 'நிருபரோட சொந்தக்காரங்க சொன்னது'ன்னு ஒரு வரி எழுதுவான், நாப்பத்தோரு வீடும் இன்னொரு தடவ மூழ்கும்."

இங்கே விதி இதுதான்: உறவுக்காரர் சாட்சி என்றால் அந்தச் செய்தியை வேறு நிருபர்தான் எழுத வேண்டும். அதாவது என் பெயர் வராது. என் பெயர் போட்ட ஒரு செய்திகூட இல்லாமல் ஆகஸ்ட் 19-இல் நான் வெளியே போனால் எந்தப் பத்திரிகையும் என்னைத் திரும்பிப் பார்க்காது. தட்டச்சு செய்யத் தெரியும் என்று சான்றிதழ் தருவார்கள்.

ஆகவே, இந்தப் பதினோரு பேரில் நமக்கு ரத்த உறவு யார், வாய் உறவு யார் என்று தெளிவாக எழுதுங்கள்.

இன்னொன்று. இவர்கள் எல்லாரும் தண்ணீரைத்தான் பார்த்தார்கள். விடியும்போதே முழங்கால் வரை வந்துவிட்டது என்கிறார்கள். மதகைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கேட்டால் பதினோரு பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "எல்.சி.யைக் கேளு. அன்னிக்கு அவன்தான டூட்டி."

ரெனீட்டா


ஜூலை 10
ஹாஸ்லெட்

ஏ ரெனீட்டா, நாலாந்தேதி சுதந்திர தினத்துக்கு வெடி போட்டியா? கறி சுட்டுத் தின்னியா? இங்க ஓஸெல் வெடி வெக்கிறேன்னு அஞ்சலாபீஸ் பெட்டிய ஒடச்சு வெச்சான். இந்த லெட்டர் லேட்டா வந்தா அவன் கணக்குல எழுதிக்க.

ரத்த உறவு கேட்டியே, சொல்றேன். சிஸ்டர் டவி ரத்தம் இல்ல. அவங்க மாமியாரும் உங்க தாத்தாவும் ஒரே வண்டியில அர்கன்சாஸ்ல இருந்து வந்தாங்க, அவ்வளவுதான். ஓஸெல் ரத்தம் இல்ல, ஆனா உங்கப்பன் ஹோசியாவும் அவனும் ஒரே பொண்ணுக்கு லெட்டர் குடுத்து ஒரே நாளுல அடி வாங்குனவங்க, அது ரத்தத்துல சேருமான்னு உங்க எடிட்டரக் கேளு. ரெட்டைப் பசங்க ரத்தம். டீக்கன் ஹார்வி ரத்தம், ஆனா வெளிய சொல்லிக்க மாட்டாரு. (பன்னியால. - வெ.)

என்னப் பத்திக் கவலைப்படாத. நான் உன் சித்தப்பன். நான் வாயத் தொறந்தா உன் பேரு போயிடும்னு நீயே எழுதியிருக்க. நல்ல சட்டம்மா அது. யாரு போட்டாங்களோ, நல்லா இருக்கட்டும். அந்த மிஸ் காஸ்கினுக்கு ஒரு பை பெக்கான் பருப்பு அனுப்புறேன், குடுத்துடு.

நான் சொல்லாம இருக்கறதுதான் உனக்கு நல்லது. விடு.

எல்.சி.


ஜூலை 18
சிகாகோ

சித்தப்பா,

பெக்கான் வந்து சேர்ந்தது. மிஸ் காஸ்கின் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி. அந்த விதியை யாரும் வாழ்த்த வேண்டாம்.

நீங்கள் ரத்தம் என்று எழுதியவர்களைச் சாட்சிகளிலிருந்து நீக்கிவிட்டேன். ஆனாலும் வரப்போகும் செய்திகளின் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். மதகைப் பார்த்த ஆள் கிடைத்தால் திரும்பச் சேர்ப்பார்களாம். நான் மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டு தட்டுகிறேன்.

வெள்ளம் வந்த மறுநாள் நான் ஊருக்கு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பின்கட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கையைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். "கிரீஸ் போகல" என்றீர்கள். கையில் கிரீஸே இல்லை. அன்றைக்கு நானும் கேட்கவில்லை.

சரி, நேராகவே கேட்கிறேன். உறவு என்கிற விதி இல்லாவிட்டால் சொல்லியிருப்பீர்களா?

ரெனீட்டா


ஆகஸ்ட் 1
சிகாகோ

அன்புள்ள சித்தி,

இரண்டு வாரமாகக் கடிதம் இல்லை. சித்தப்பாவுக்கு உடம்பு ஒன்றும் இல்லையே? நான் எழுதியது அதிகப்படிதான். கோபமாக இருந்தாலும் பன்னியைப் பற்றியாவது இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

ரெனீட்டா


ஆகஸ்ட் 4

ரெனீட்டா,

இது என் கை. மூணு நாளா எழுதுறேன். வெர்லீனுக்குத் தெரியாது. எழுத்து கோணலா இருக்கும்.

மதகை மூடினது காலையில அஞ்சு பத்துக்கு. மூடினது நான்.

சூப்பர்வைசர் க்ரோ வண்டியில வந்தாரு. மூடு எல்.சி.ன்னாரு. சங்கு ஊதலியேன்னு கேட்டேன். அது நான் பாத்துக்கறேன்னாரு. சக்கரம் நூத்தி நாப்பது சுத்து. நூத்தி நாப்பதும் நான்தான் சுத்துனேன். அவரு வண்டிய விட்டு எறங்கல. சங்கு ஊதுனப்ப மணி பதினொண்ணு. அதுக்குள்ள டவி மேசை மேல ஏறிட்டாங்க.

ஓடிப் போயி கதவத் தட்டியிருக்கலாம். தட்டல. வேலை போயிடும்னு நின்னேன். டூட்டி நோட்டுல அஞ்சு பத்துன்னு எழுதினேன். அந்தத் தாளை க்ரோ கிழிக்கிறதுக்கு முன்னால நான் கிழிச்சு வெச்சுக்கிட்டேன். இதோட வெச்சிருக்கேன்.

உன் சட்டத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். நீ கண்டுபிடிச்சுட்ட.

இன்னொண்ணு. உங்கப்பனுக்குத் தெரியும். உனக்குச் சொல்லல. உங்க தாத்தா பருத்தி வண்டியில என்னக் கண்டெடுத்தாரு. ஆறு வயசு இருக்கும். மூட்டைக்கு நடுவுல தூங்கிட்டு இருந்தேனாம். பேரு கேட்டப்ப எல்.சி.ன்னேன். வேற ஒண்ணும் தெரியல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஹோசியா பக்கத்துல தட்டு வெச்சாங்க. யாரும் எந்தக் காகிதத்துலயும் எழுதல. டாலிவர்ங்கிற உங்க குடும்பப் பேரு நானே போட்டுக்கிட்டது.

அதனால நான் உன் ரத்தம் இல்ல. வாய் உறவுதான். இத அந்த அம்மாகிட்ட காட்டு. நான் உனக்கு யாரும் இல்லன்னு சொல்லு. உன் பேரு வரட்டும்.

எல்.சி.


ஆகஸ்ட் 13
சிகாகோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் போய்ப் படித்தேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு மிஸ் காஸ்கினிடம் போனேன். கடிதத்தை இரண்டு முறை படித்தார். டூட்டித் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவரு உனக்கு ரத்தம் இல்ல."

"இல்லை மேடம்."

"அப்ப விதி தடுக்காது. உக்காந்து எழுது. மேல உன் பேரு. ஏன் நிக்கிற?"

"அவரு எங்க சித்தப்பா, மேடம்."

"இல்லன்னு அவரே எழுதிக் குடுத்திருக்காரே!"

"அவரு ஆயிரம் எழுதுவாரு. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ரெண்டு மாசம் எடுத்துக்கிட்ட மனுசன், மேடம். அவரு பேச்சையெல்லாம் எடுத்துக்க முடியாது."

பேனாவை மேசையில் போட்டார். "டாலிவர், உனக்கு என்ன வேணும்? மூணு மாசமா பேரு பேருன்னு என் உயிரை எடுத்த. இப்ப தர்றேன்னா வேணாங்கிற."

"நாளைக்கு வாரியத்தோட வக்கீல் என்னைக் கேட்டா, அவரு எனக்கு யாரும் இல்லன்னு நான் சொல்லணும். என் பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டை ஒன்பது வருஷம் கட்டிக் கொடுத்தவர். அப்பா செத்தப்ப கல்லறைக்குப் பக்கத்துல என் பின்னாடி நின்னவர். யாரும் இல்லன்னு நான் எப்படி மேடம் சொல்வேன்?"

மிஸ் காஸ்கின் பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "பிடிவாதக் குடும்பம்" என்றார். "ரத்தம் இல்லன்னா நம்ப மாட்டேன்."

செய்தியை லமார் எழுதுகிறார். நல்ல நிருபர், பொறுமைசாலி. செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டுக்கு நேரில் வருவார். எனக்குச் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். நேரம், சுற்று, க்ரோ, சங்கு. எல்.சி. எதன் சுருக்கம் என்று கேட்பார், எல்லாவற்றையும் சரிபார்ப்பது அவர் வேலை. கோபப்படாதீர்கள். பன்னியைக் கட்டிப்போட்டு வையுங்கள்.

சித்தியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவர் வருவதற்கு முன்.

உங்கள் அண்ணன் மகள்,
ரெனீட்டா


ஆகஸ்ட் 23
ஹாஸ்லெட்

ஏ ரெனீட்டா, எப்படிம்மா இருக்க? சாமான் கட்டிட்டியா? என்னிக்கு வர்ற? எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு, எரிச்சல்தான் தாங்கல. அத வரிசையாச் சொல்றேன், கேட்டுக்க. (சீக்கிரம் சொல்லச் சொல்லு. வெளிய வண்டி நிக்குது. - வெ.)

உன் சித்திகிட்ட சொன்னேன். அவ அவரைக்கா உரிச்சுக்கிட்டே, "தெரியும்"ங்கிறா! வெள்ளத்தன்னிக்கு ராத்திரியில இருந்தே தெரியுமாம். தூக்கத்துல சுத்து எண்ணுறேனாம். நான் என்ன பாடு பட்டு மூணு நாள் மறைச்சு மறைச்சு எழுதினேன்!

அந்த லமார் பையன் வந்தான். எல்.சி. எதோட சுருக்கம்னான். எல்.சி.யோட சுருக்கம்னேன். சிரிக்காம எழுதிக்கிட்டான். பன்னிக் கதையும் கேட்டான், முழுசாக் கேட்டான், நடுவுல எந்திரிக்கல. நீ அவங்கிட்ட கத்துக்கணும்.

பேப்பரு சனிக்கிழம வந்துச்சு. பாஸ்டர் அச்செடுத்து வீட்டுக்கு வீடு குடுத்தாரு. வெர்லீன் படிச்சுக் காட்டுனா. நூத்தி நாப்பது சுத்துன்னு மேலயே கொட்ட எழுத்துல போட்டுருக்கு. சரி, அது நான் செஞ்சது, போடட்டும். கடைசிக்கு வந்தா ஒரு வரி: "இந்தச் செய்திக்கு உதவியவர் ரெனீட்டா டாலிவர். எல்.சி. டாலிவர் இவருடைய சித்தப்பா."

ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? நான் உனக்கு யாரும் இல்லன்னு எழுத எனக்கு மூணு நாள் ஆச்சு. ஒரு பென்சில் மொத்தமும் போச்சு. ஒரே வரியில அத வீணாக்கிட்ட! எத்தன தடவ படிக்கச் சொன்னேன்னு வெர்லீனக் கேளு. (ஒம்பது. - வெ.)

ஊரு எப்படி இருக்குன்னு கேப்ப. ஓஸெல் முடி வெட்டும்போது பேசல. அவன் பேசாம இருந்து இப்பத்தான் பாக்குறேன். சிஸ்டர் டவி, நான் தெருவுல போனப்ப கதவச் சாத்துனாங்க. சாத்தட்டும். ஞாயித்துக்கெழமையும் சாத்துனாங்க. நேத்தும் சாத்துனாங்க.

இன்னிக்குக் கோர்ட்டுக் கட்டடத்துல வாரியக் கூட்டம். சர்ச்சு வண்டி ரெண்டும் நெறைஞ்சு வாசல்ல நிக்குது. போன வாரம் க்ரோ போன் பண்ணி, வராதன்னு சொன்னாரு. சங்கு ஊதலன்னாலும் இந்த வாய் ஊதும்னு சொல்லி போன வெச்சுட்டேன். சட்டையில கஞ்சி போட்டு வெறைப்பா நிக்கிறேன். அங்க மொதல்ல பேரு சொல்லணுமாம், அப்புறம் நீ யாருன்னு சொல்லணுமாம், அப்புறம் மூணு நிமிசம். மூணு நிமிசத்துல நான் எந்தக் கதைய சொல்லி...

இரு, வண்டியில இருந்து சத்தம் போடுறாங்க. சிஸ்டர் டவிதான். "ஏ மதகுக்காரா! உனக்கு எடம் போட்டு வெச்சுட்டு எவ்வளவு நேரம் ஒக்காந்திருக்கறது? அந்தப் புள்ளைக்கு வந்து எழுதிக்க! ஏறு!"ங்கிறாங்க.

வரேன்னு சொல்லு வெர்லீன். இந்த ஒரு வரி. ரெனீட்டா, நல்லாக் கேட்டுக்க, அங்க அவங்க யாருன்னு கேட்டா நான் மொதல்ல பேரச் சொல்லுவேன், எல்.சி. டாலிவர், அப்புறம், அந்தப் பேப்பர்ல கடைசி வரியில இருக்கே, அந்தப் புள்ளையோட